பூட்டில்லாத பெட்டி

ஜன்னல் சீட்டை எனக்குக் குடுக்க முடியுங்களா சார்? காத்துக்காகக் கேக்கலை, சிக்னலுக்காக. இந்த மலையில எந்த வளைவுல எந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கும்னு எனக்கு மனப்பாடம். இறங்கறப்போ இந்தப் பக்கந்தான். ரொம்ப நன்றிங்க. அந்தப் பையை மட்டும் காலால தள்ளிடாதீங்க. உள்ள ஒரு பெட்டி இருக்கு. வெடிக்கிற பெட்டி இல்ல, பயப்படாதீங்க.

கோயிலுக்கு வந்தீங்களா? நெத்தியைப் பாத்தாலே தெரியுது. மேல டீக்கடையில உக்காந்து பேரனுக்குக் கோபுரத்தை வீடியோ கால்ல காட்டுனீங்களா! அட, அது என் நெட்டு சார். சத்தியமா. அந்தக் கடைக் கூரை மேல ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா கவுத்து வச்சிருக்குமே, பாக்கலையா? யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குள்ளதான் நெட்டு குடுக்கற என் வைஃபை பெட்டி இருக்கு. மழை படக்கூடாது, குரங்கு பிச்சுடக்கூடாது, அதுக்குத்தான் டப்பா. கம்பெனிக்காரன் இதே டப்பாவுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு யானை விலை சொல்லுவான்.

என் பேரு நல்லதம்பி. சொந்த ஊரு ராசிபுரம் பக்கம். மலையில அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நெட்டண்ணன்னு கேளுங்க, வீட்டுக்கே கொண்டாந்து விடுவாங்க.

கொஞ்சம் இருங்க. இந்தப் போனைப் பாத்துக்கறேன்.

இந்தா பாருங்க, இந்தப் பச்சைப் புள்ளி எல்லாம் என் பெட்டிங்க. ஒரு புள்ளி ஒரு குன்று, இல்லைன்னா ஒரு தண்ணி டேங்கு, இல்லைன்னா ஒரு பள்ளிக்கூடம். பச்சைன்னா உசிரோட இருக்குன்னு அர்த்தம். செவப்பாச்சுன்னா நான் ஓடணும். இந்தப் பெரிய புள்ளி மொட்டைப்பாறை. அதுதான் தாய். அடிவாரத்துல ஒரு மாடி மேல இருந்து நேரா மொட்டைப்பாறைக்கு நெட்டைத் தூக்கறேன், அங்க இருந்து மத்ததுக்கெல்லாம் போகும். கம்பி கிடையாதுங்க. ஒரு பெட்டி இன்னொரு பெட்டி கண்ணுல படணும், அவ்வளவுதான். நடுவுல ஒரு சில்வர் ஓக் மரம் நாலு முழம் வளந்துட்டாக்கூட ரெண்டும் பேச்சை நிறுத்திக்கும். மிளகு ஏத்தறதுக்கு இந்த மலை பூரா அந்த மரந்தான். மரம் வளராம இருக்கணும்னு வேண்டிக்கிற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எப்படி ஆரம்பிச்சேன்னு கேக்கறீங்களா? என் சம்சாரத்துக்காக ஆரம்பிச்சது சார். தாமரைன்னு பேரு, கிராம சுகாதார நர்சு. மலைக்குப் போஸ்டிங் போட்டாங்க. எந்தக் கர்ப்பிணிக்கு என்ன ஊசி போட்டாங்கிறதை அன்னிக்கே போன்ல ஏத்தணும். பேசறதுக்கு ஏதோ எடுக்கும், நெட்டு சிக்னல் எங்க இருக்கு? பாறை மேல ஏறி நின்னு, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் அப்ப மெட்ராஸ்ல ஒரு இன்டர்நெட் கம்பெனியில இருந்தேன். ஆறு மாசம் யோசிச்சு, வேலையை விட்டுட்டு மேல வந்துட்டேன்.

அந்தக் கம்பெனியில எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது என்ன தெரியுங்களா? கஸ்டமர் போன் பண்ணா "நாளைக்கு வரேன்"னு சொல்லணும். எப்ப வருவேன்னு தெரியாட்டியும் அதைத்தான் சொல்லணும். அடுத்த நாள் கேட்டாலும் அதையே சொல்லணும். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டும். என் நெட்டுல எந்தக் கஸ்டமர்கிட்டயும் அதை நான் சொன்னதே இல்ல. போன் வந்தா அப்பவே கிளம்பிடுவேன். சோத்துல கை வச்சிருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி.

ஆனா மொதல்ல நானும் ஏமாந்தேங்க. ஒரு கம்பெனிப் பெட்டியை வாங்கித்தான் மாட்டினேன். அழகா இருந்துச்சு, நீல லைட்டெல்லாம் எரியும். அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியாது, தொறந்து பாக்கவும் விடாது. தெனம் ஒருக்கா அந்தப் பெட்டி எங்கயோ இருக்கிற அவன் கம்ப்யூட்டரைக் கேக்கும், "நான் ஓடலாமா?"ன்னு. அவன் சரின்னா ஓடும். ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. பெட்டி கேக்குது, பதில் சொல்ல ஆள் இல்ல. அவ்வளவுதான், மலை பூரா ஒரே ராத்திரியில செத்துப் போச்சு. பெட்டி நல்லா இருக்கு, கரண்ட் இருக்கு, எல்லாம் இருக்கு. சாவி மட்டும் இல்லாம போனவன் கையில. நான் பாறையில உக்காந்து அந்த நீல லைட்டையே பாத்துட்டு இருந்தேன். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல சார். ஒத்த ஆளு கையில சாவியைக் குடுத்துட்டு ஒரு ஊரே எப்படிப் படுத்துத் தூங்குச்சுன்னு நெனச்சு நெனச்சு மாஞ்சு போயிட்டேன்.

அதுக்கப்புறந்தான் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினேன். கடையில கிடைக்கிற மலிவுப் பெட்டியை வாங்க வேண்டியது. அதுக்குள்ள கம்பெனிக்காரன் வச்சதைத் தொடச்சு எறிஞ்சுட்டு, உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதிப் பொதுவுல வச்சிருக்காங்களே, அதை ஏத்த வேண்டியது. யாருகிட்டயும் உத்தரவு கேக்காது. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் படிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். புத்தகம் மாதிரி எல்லா விவரமும் நெட்டுலயே கிடக்கு.

நான் பெருமையா போர்டு வேற வச்சேன் சார், "கட்டற்ற இணையம்"னு. சந்தையில ஒரு பெரியவர் நின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. "கட்ட வேண்டாமா? மாசாமாசம் ஒண்ணுமே கட்ட வேண்டாமா?"ன்னாரு. ஐயா, இது வேற கட்டுன்னேன். "எந்தக் கட்டா இருந்தா என்ன, அதான் அற்றுப் போச்சுன்னு நீயே எழுதியிருக்கியே"ன்னுட்டு, சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வந்துட்டாரு. மூணு வளவு, அதாவது மூணு குடியிருப்பு ஜனமும் என் வீட்டு வாசல்ல நிக்குது. தாமரை உள்ள இருந்து சிரிச்சா பாருங்க, சிரிப்பா அது! போர்டைக் கழட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

இந்தப் பெட்டியில இன்னொரு அழகு இருக்குங்க. பாஸ்வேர்டை மறந்து நீங்களே வெளிய மாட்டிக்கிட்டாலும் உள்ள போக வழி வச்சிருக்காங்க. பவரைப் பிடுங்கிட்டு மறுபடி போடணும். லைட் சிமிட்டறப்போ பின்னால ஒரு சின்னப் பட்டன் இருக்கும், அதை அமுக்கணும். ஒண்ணும் கேக்காம உள்ள விட்டுடும். புதுப் பாஸ்வேர்டு வச்சுட்டு வர வேண்டியதுதான். ஆனா பெட்டி கைக்கு எட்டணும், அதான் கணக்கு. யாரு பெட்டியைத் தொடறாங்களோ அது அவங்களுது. எழுதினவன் மனசு எவ்வளவு பெரிய மனசு பாருங்க.

அப்ப ஏன் நான் ஒருத்தனே ஓடறேன்னு கேக்கறீங்களா? நான் என்ன பண்றது சார், மாட்டிக்கிட்டேன். அதைத்தான் சொல்ல வரேன். தாமரைக்கு மூணு வருசம் முன்னாடி நாமக்கல்லுக்கு மாறுதல் வந்துருச்சு. பொண்ணு நிறைமதிக்கும் நல்ல பள்ளிக்கூடம் வேணும். ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க. நான் பின்னாலயே வரேன்னு சொன்னேன். எப்படி இறங்கறது? இறங்கினா மறு நிமிசம் போன். ரேசன் கடை மெசின் ஓடலைம்பான். பள்ளிக்கூடத்துல படம் நிக்குதும்பான். எங்கப்பா கருமாதிக்குப் போயிட்டு மொட்டைத் தலையோட பாதியில எந்திரிச்சு வந்தேன், அன்னிக்கு மொட்டைப்பாறையில இடி. கடைசியா எப்ப முழுசாத் தூங்கினேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கூண்டுங்க. கம்பி இல்லாத கூண்டு.

பவுனுன்னு ஒரு பொண்ணு, இ-சேவை மையம் வச்சிருக்கா. மலைக்காரப் பொண்ணு, கெட்டிக்காரி. சாதிச் சான்று, பட்டா எல்லாம் அவகிட்டத்தான். நெட்டு நின்னா அவ வாசல்ல கூட்டம் நிக்கும், அதனால அவதான் எனக்கு அதிகமா போன் பண்றவ. "அண்ணா, அந்தப் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லிக் குடுங்க, நானே பாத்துக்கறேன், நீங்க பாப்பாவைப் பாக்கப் போங்க"ன்னு வந்து நிப்பா. எப்படிச் சொல்றது? ஒரு எழுத்துத் தப்பாப் போட்டா மலை பூரா படுத்துக்கும். "உனக்கெதுக்கும்மா இந்தத் தொல்லை"ன்னு அனுப்பிடுவேன். "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா என்னண்ணா பண்றது"ன்னு ஒரு நாள் கேட்டா. எனக்கு என்ன ஆகப் போகுதுன்னேன். எல்லாம் நெட்டுலயே படிக்கக் கிடைக்குமாமே அண்ணான்னா. ஆமா, தாராளமாப் படின்னேன். அது நம்ம கொள்கையாச்சே.

தாமரை போன்ல என்ன சொல்வா தெரியுங்களா? "கட்டற்றது கட்டற்றதுன்னு சொல்லி உங்களைத்தான் நல்லாக் கட்டிப் போட்டிருக்காங்க"ம்பா. நக்கல் ஜாஸ்தி. பொண்ணு அப்படி இல்ல. என் போனை எடுத்தா அலோன்னுகூடச் சொல்ல மாட்டா. "நாளைக்கா?"ம்பா. அது ஒண்ணுதான் கேப்பா. என்ன கெட்டிக்காரி பாருங்க.

அவளுக்காகத்தான் இந்தப் பையில இருக்கிற பெட்டி. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி. அட்டையில ரெண்டு மலை செஞ்சிருக்கா. அந்த மலையில இருந்து இந்த மலைக்குக் கம்பி இல்லாம நெட்டு போறதைக் காட்டப் போறா. "எங்க அப்பா செய்யற வேலை"ன்னு தலைப்பு. ஒரு பெட்டி அவகிட்ட இருக்கு, போன தீபாவளிக்கு அனுப்பினது. இன்னொண்ணு இதுதான். இது போய்ச் சேரலைன்னா ஒத்தை மலையை வச்சுக்கிட்டு என்ன காட்டுவா? சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் நிப்பாங்க. தாமரை நேத்து ராத்திரி சொல்லிட்டா. "இத்தனை நாளும் அப்பாவுக்கு வேலை, அப்பாவுக்கு மழைன்னு அவகிட்ட நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். இந்தத் தடவை வரலைன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளுக்கு என்ன தோணுதோ தோணட்டும்"னா. அதான் என்ன ஆனாலும் சரின்னு பஸ் ஏறிட்டேன்.

இருங்க இருங்க. இந்த வளைவுல சிக்னல் வரும். வந்துருச்சு.

அய்யய்யோ.

மொட்டைப்பாறை செவப்பு. பாருங்க சார், இப்பத்தான் பச்சையா இருந்துச்சு, நீங்களே பாத்தீங்க. தாய் போச்சுன்னா எல்லாம் போச்சு. இதோ ஒவ்வொண்ணா செவக்குது. நான் சொன்னேன்ல? காலை எடுத்து வெளிய வச்சாப் போதும். மழையும் இல்ல, காத்தும் இல்ல. பவுனுக்கு அடிச்சுப் பாக்கறேன்... எடுக்க மாட்டேங்கறா. எப்பவும் அவதான் மொதல்ல கூப்பிடுவா, இன்னிக்கு எடுக்கக்கூட மாட்டேங்கறா.

இறங்கிடலாமான்னு இருக்குங்க. வேண்டாங்கறீங்களா? பொண்ணு நிக்குதுங்கறீங்க. அதுவும் சரிதான். சரி, உக்காந்துக்கறேன். நீங்க சொன்னதுக்காக உக்காந்துக்கறேன். அங்க எத்தனை பேரு என்னைத் திட்டிட்டு இருக்காங்களோ.

என்ன சார்? எங்க?

பச்சை. மொட்டைப்பாறை பச்சையாயிருச்சு. மத்ததும் வருது. ஒண்ணு, ரெண்டு... எல்லாம் வந்துருச்சு.

நல்லதாப் போச்சா? என்ன சார் நல்லது? அது எப்படித் தானா வரும்? நான் போகாம அது வந்ததே கிடையாது. இருங்க, உள்ள போய்ப் பாக்கறேன். பாஸ்வேர்டு... தப்புங்குது. அவசரத்துல தப்பா அடிச்சுட்டேன் போல. மறுபடி... தப்புங்குது. என் பெட்டி சார் இது. நான் என் கையால ஏத்தின பெட்டி. என்னைப் பாத்துத் தப்புங்குது.

பவுனு கூப்பிடறா. இருங்க. "சொல்லும்மா... நீயா? நீ எப்ப மேல ஏறினே?... யாரைக் கேட்டு ஏறினே?... ம்... ம்... சரி... வை."

கேட்டீங்களா சார்? அவதான். நான் பஸ் ஏறினதும் மொட்டைப்பாறைக்கு ஏறியிருக்கா. பவரைப் பிடுங்கி, அந்தச் சின்னப் பட்டனை அமுக்கி, உள்ள போயிட்டா. நான்தான் படிக்கச் சொன்னேனாம். நான் இருந்தா விட மாட்டேன்னு, நான் கிளம்பற வரைக்கும் காத்திருந்தாளாம். "ஒரு கிளை குறுக்க வந்திருந்துச்சுண்ணா, வெட்டிட்டேன், இப்ப முன்னைக்கு வேகமா வருது"ங்கறா. முன்னைக்கு வேகமா! "நீங்க ஒரு வாரம், பத்து நாள் பாப்பாகூட இருந்துட்டு வாங்க, புதுப் பாஸ்வேர்டை வந்ததும் சொல்றேன், நான் பாத்துக்கறேன்"னு எனக்கே சொல்றா. தாமரைகிட்டயும் முந்தியே பேசிட்டாளாம், இந்தத் தடவை அண்ணன் கண்டிப்பா வந்துருவாருன்னு. ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. பாத்தீங்களா, என்னை வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க.

சிரிக்காதீங்க சார். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எல்லாப் புள்ளியும் பச்சையா இருக்கு, நான் இங்க பஸ்ல உக்காந்திருக்கேன். ஒரு போன்கூட வரலை. பாருங்க, ஒண்ணுகூட வரலை. அப்ப நான் எதுக்கு?

எப்படிங்க நான் நிம்மதியாக் கீழ போறது? பத்து நாள் கழிச்சுப் போனா, நெட்டக்கான்னு அவளைக் கூப்பிட்டுட்டு இருப்பாங்க. அவ அண்ணன் மாதிரி நெனச்சுத்தான் செஞ்சாங்கறீங்களா? இருக்கலாம். நல்ல பொண்ணுதான், நான் இல்லைங்கலை. ஆனா பெட்டியைத் தொட்டவங்களுதுதானே பெட்டி. நான் போய்த் தொடணும் சார். இருட்டறதுக்குள்ள போய் அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்.

கண்டக்டர்! எதுத்தாப்ல மேல போற வண்டி வளைவுல வழிக்கு நிக்குது பாருங்க, கொஞ்சம் விசிலை ஊதுங்க. நான் இறங்கிக்கறேன். ஆமாங்க, டிக்கெட் நாமக்கல்லுக்குத்தான். பரவாயில்லைங்க, இறங்கிக்கறேன்.

சார், ஒரு உதவி. நீங்க நாமக்கல்தானே போறீங்க? இந்தப் பையை வச்சுக்கங்க. என்னை நம்பியாங்கறீங்களா? இப்பத்தானே உங்களைப் பாத்தேங்கறீங்களா? அதனால என்ன சார், முகத்தைப் பாத்தாத் தெரியாதா? நம்பாம இருக்க முடியுங்களா? பஸ் ஸ்டாண்டுல ஜூஸ் கடை முன்னால நிப்பாங்க. பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, ரெட்டைச் சடை. பக்கத்துல அவ அம்மா நிப்பா, அவகிட்டக் குடுக்காதீங்க, பொண்ணு கையில குடுங்க. நெட்டண்ணன் குடுத்தாருன்னு சொல்லுங்க. இல்ல இல்ல, அப்பா குடுத்தாருன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. பெட்டிக்குள்ள போறதுக்குப் பாஸ்வேர்டு கேப்பா. எல்லாப் பெட்டிக்கும் நான் அது ஒண்ணுதான் வச்சிருந்தேன். தாமரைகிட்டக்கூடச் சொன்னதில்ல. எழுத வேண்டாம், மறக்காது. மெட்ராஸ் கம்பெனியில சொல்லச் சொன்னதை நக்கல் பண்ணி வச்சது. "நாளைக்கு வரேன்." ஆமா சார், அதேதான். இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாமச் சேத்து அடிக்கணும்.

வண்டி நிக்குது, போறேன். வேற ஒண்ணும் நீங்க சொல்ல வேண்டாம். அவ உங்க மூஞ்சியைப் பாத்தா, இதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கு வரேன். அவளுக்குப் புரிஞ்சுரும்.